ஒரு சாண் லோரி

சேகர்,

நீ நலமா என்று நான் கேட்கப் போவதில்லை. நலம் என்றுதான் எழுதுவாய். காலில் இரும்பு வைத்துக் கட்டிப் படுத்திருந்தபோதே "நான் சுகம்மா" என்று எழுதின பிள்ளை நீ. உன் பெண்டாட்டி மல்லிகா எனக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கிறாள். நீ பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறாயாம். இத்தனை வருடம் கழித்துத் திரும்ப லைசென்ஸ் எடுத்து, நீயே ஓட்டுகிறாயாம். அதைப் படித்த சந்தோஷத்தில் அடுப்பில் இருந்த பாலை மறந்துவிட்டேன், பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துபோனது. அடுத்த வரி என்னை உட்கார வைத்துவிட்டது. "அத்தை, அவர் என்னை முன்னால உட்கார விட மாட்டேங்கிறார். பின் சீட்டுலதான் உட்காரணுமாம். டாக்சியில போற மாதிரி போறேன். பக்கத்து வீட்டுக்காரங்க சிரிக்கிறாங்க. நான் என்ன தப்பு செஞ்சேன்னு நீங்களாவது கேட்டுச் சொல்லுங்க" என்று எழுதியிருக்கிறாள். கல்யாணமாகி இன்னும் ஒரு தீபாவளி பார்க்காத பெண். கேட்கத்தானே செய்வாள்?

அவளுக்கு நீ ஒன்றுமே சொல்லவில்லை என்று தெரிகிறது. காலைப் பற்றிக் கேட்டால் "பட்டாளத்துல அடிபட்டது" என்பாயாம், அதோடு சரி. வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருக்கிறாய்? நானே அவளுக்கு எழுதிச் சொல்லிவிடலாம், எனக்கென்ன. ஆனால் அது உன் வாயிலிருந்து அவள் காதுக்குப் போக வேண்டிய சங்கதி. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததையே முதலிலிருந்து எழுதுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. உன்னால் வாயைத் திறக்க முடியவில்லை என்றால் இந்தக் கடிதத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய் நில். கொழுந்து கிள்ளின விரல் பேனா பிடிக்க மாட்டேன் என்கிறது, வெளியே மழை வேறு, இடுப்பு இரண்டாகப் பிளக்கிறது. அலுப்பாக இருக்கிறது தம்பி. ஆனாலும் எழுதி முடித்துவிட்டுத்தான் படுப்பேன்.

நீ பட்டாளத்துக்குப் போனது உன் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. தோட்டத்து லோரியைத் தனக்குப் பிறகு நீ ஓட்டுவாய் என்று அவர் எண்ணியிருந்தார். நீயோ அவருக்குத் தெரியாமல் தானா ராத்தா டவுனுக்குப் போய்ப் பட்டாளத்தில் பெயர் கொடுத்துவிட்டு வந்தாய். "தோட்டத்து லோரிய ஓட்ட மாட்டானாம், கவர்மெண்ட் லோரிய ஓட்டுவானாம்" என்று சொல்லிவிட்டுச் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். அதற்குப் பிறகு நீ லீவில் வந்தாலும் உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் தூது போனது நான்தான். "அப்பா சாப்பிடச் சொல்றார்", "தம்பி பஸ்ஸுக்குக் கிளம்புறான்" என்று எத்தனை தடவை அலைந்திருப்பேன்! இரண்டு கழுதைகளுக்கும் ஒரே பிடிவாதம்.

அப்புறம் அந்த ஆயுத பூசை. இங்கே ஃபேக்டரியில் பொரி கடலை பங்கு போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அங்கே எல்லைப் பக்கத்துக் காட்டு ரோட்டில் நீ ஓட்டின லோரி கண்ணிவெடியில் ஏறிவிட்டது. இடது முன் சக்கரம். உன் இடது கால் மடங்காமல் போனது, இடது காது கேளாமல் போனது. இடது பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்திருந்த உன் கூட்டாளி ரஹிம் போயே போய்விட்டான். மல்லிகா, இதை நீ படிக்கிறாய் என்றால், அம்மா, அந்தச் சீட்டுதான் இந்தச் சீட்டு. உன்னிடம் சேகருக்குக் கோபம் ஒன்றும் இல்லை.

பட்டாள ஆஸ்பத்திரிக்கு நானும் அப்பாவும் வந்திருந்தபோது ரஹிமின் அம்மாவும் வந்தார்கள், நீ மாச்சிக் என்று கூப்பிடுவாயே, அவர்கள்தான். ஞாபகம் இருக்கிறதா? மகனை அடக்கம் செய்துவிட்டு, அவன் கூட்டாளியைப் பார்க்க அத்தனை தூரம் பஸ் பிடித்து வந்த மனுஷி. உனக்காக வாழைப்பழப் பலகாரம் சுட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். உன் தலைமாட்டில் உட்கார்ந்து, "பாகி து டியா மச்சாம் மானா, நாக்?" என்று கேட்டார்கள். அன்றைக்குக் காலையில் அவன் எப்படி இருந்தான் மகனே என்று. வேறு ஒன்றுமே கேட்கவில்லை. நீ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். அவர்கள் பலகாரத்தை மேசையில் வைத்தார்கள். "பரவால்ல, உடம்பு தேறட்டும். தேறினதும் ஒரு நாள் வீட்டுக்கு வந்து சொல்லு" என்று மலாயில் சொல்லிவிட்டு, உன் போர்வையை இழுத்துவிட்டுப் போனார்கள். நீ தலையை ஆட்டினாய். நான் பார்த்தேன்.

வீட்டுக்கு வரும்போது உன் பையில் ஒரு அட்டைப் பெட்டி இருந்தது. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில் சிப்பாய் பொழுது போக்க வாங்கி வைத்திருந்த பிளாஸ்டிக் லோரியாம், துண்டு துண்டாக இருக்கும், ஒட்டிச் சேர்க்க வேண்டுமாம். ஒட்டி முடித்தால் ஒரு சாண் நீளம். நம் லயத்து வீட்டு ஜன்னலோரம் பலகையைப் போட்டுக்கொண்டு நீ உட்கார்ந்தவன்தான். பேச்சு கிடையாது, சிரிப்பு கிடையாது, வேளைக்குச் சோறு கிடையாது. அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "தொட்டில்ல போட்டு ஆட்டு உன் புள்ளைய, வெளையாட்டுச் சாமான் வச்சிருக்கான்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். உனக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னார். நல்ல காதில்தான் விழுந்தது உனக்கு.

நீ வெறும் லோரியோடு நிற்கவில்லை. உடைந்த தேயிலைப் பெட்டியின் பலகையை எடுத்து, அதன் மேல் மலை கட்டினாய். பழைய பேப்பரைக் கிழித்து, கஞ்சிப் பசையில் ஊற வைத்து, அடுக்கடுக்காக ஒட்டினாய். இந்த ஊர்ப் பனிக்குக் கஞ்சிப் பசை நிற்குமா? ஒரு வாரத்தில் மலை முழுக்கப் பூசணம் பூத்தது, மிச்சத்தைக் கரப்பான் தின்றது. "உன் மலை நாறுதுடா" என்றேன். அப்போதுகூட நீ சிரிக்கவில்லை. பசையில் மயில்துத்தம் கலந்து திரும்ப முதலிலிருந்து கட்டினாய். என் மாவுச் சல்லடையில் செம்மண் சலித்தாய், அதற்கு நான் வைத காதால் கேட்க முடியாத வசவெல்லாம் மறந்திருக்க மாட்டாய். கவாத்து பண்ணின தேயிலைச் செடியின் குச்சிகளைக் கொண்டுவரச் சொன்னாய். அதைப் பலகையில் நட்டால் அப்படியே காட்டு மரம், வேரும் முண்டும் முடிச்சுமாக. தேங்காய் நாரைச் சாயத்தில் தோய்த்து வெட்டி லாலாங் புல் ஆக்கினாய். ஃபேக்டரியில் கூட்டித் தள்ளின தேயிலைத் தூளைத் தூவி, காய்ந்த சருகாக்கினாய். அதில் பசைத் தண்ணீர் பட்டதும் சாயம் இறங்கி ரோடெல்லாம் டீ ஊற்றின மாதிரி ஆகிவிட்டது. கெட்டுப்போச்சே என்று நான் பதறினேன். நீ கிட்டே குனிந்து பார்த்துவிட்டு, "இல்லம்மா, மழை பேஞ்சா இப்படித்தான் இருக்கும்" என்றாய். வீட்டுக்கு வந்த பிறகு நீ சேர்த்தாற்போல் பேசின முதல் பேச்சு அது.

அப்புறம் லோரிக்கு அழுக்குப் பூசினாய். புது வண்டிக்குப் பச்சை அடித்து, அது காய்ந்ததும் அதைப் பழசாக்க மாசக்கணக்கில் உட்கார்ந்தாயே, எனக்கு அதுதான் விளங்கவில்லை. கறுப்பைத் தண்ணியாகக் கரைத்து இடுக்கெல்லாம் ஓட விட்டாய். பிரஷைத் துணியில் துடைத்து, ஏறக்குறைய வறண்டுபோன பிரஷால் ஓரங்களைத் தடவினாய். கூரைத் தகரத்துத் துருவைச் சுரண்டி எடுத்துக் கதவுக் கீல்களில் வைத்தாய். சக்கரத்துக்குச் செம்மண் சேறு, கண்ணாடிக்குத் தூசி. இடது பக்கம் ஏறும் படியில் மட்டும் பென்சில் கரியைத் தேய்த்து இரும்பு மாதிரி மினுங்க வைத்தாய். "அங்க மட்டும் ஏன்டா?" என்று கேட்டேன். "அழுக்குன்னா சும்மா வராதும்மா. கால் பட்ட எடத்துலதான் பெயிண்ட் தேயும். ரஹிம் அதுல மிதிச்சுத்தான் ஏறுவான்" என்றாய். நீ எந்த ரோட்டைக் கட்டிக்கொண்டிருக்கிறாய் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

காலையில் நான் அந்தப் பலகையைத் தூசி தட்டும்போதெல்லாம் பார்ப்பேன். லோரி ஒவ்வொரு நாளும் வேறு இடத்தில் நிற்கும். வளைவுக்குக் கிட்டே நிறுத்தியிருப்பாய், மறுநாள் ஒரு விரல் பின்னால் நகர்ந்திருக்கும், அதற்கு மறுநாள் இன்னும் கொஞ்சம். பசை போட்டு ஒட்டவே மாட்டாய். "முடிஞ்சுதா?" என்று கேட்டால், "முடிஞ்சதும் மாச்சிக்கிட்ட கொண்டு போய்க் காட்டணும். கேட்டாங்கல்ல" என்பாய். எனக்குத் தாங்கவில்லை. "எந்த எடத்துல செத்தான்னு காட்டப் போறியா? எந்த ஆத்தா அதக் கண்ணால பாப்பா? என்னை அப்படி ஒருத்தன் கூப்பிட்டு வச்சுக் காட்டினா நான் அங்கேயே விழுந்து செத்துப்போவேன்டா" என்று சொல்லிவிட்டேன். வேறு எதைக் கொண்டுபோவது என்று உனக்கும் தெரியவில்லை. வெறுங்கையோடு போய் அந்த அம்மா முகத்தைப் பார்க்கவும் உன்னால் ஆகாது. நீ போகவே மாட்டாயோ, இப்படியே அந்த ஜன்னலோரத்திலேயே உளுத்துப்போவாயோ என்று நான் பயந்தேன். அந்த மாதிரிப் பயம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

மறு வருட ஆயுத பூசை வந்தது. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. தோட்டத்தில் மட்டும் எப்போதும் போல அமர்க்களம். கத்தி, தராசு, ஃபேக்டரி மெஷின், கணக்கெழுதும் கிராணியின் மோட்டார் சைக்கிள் வரைக்கும் எல்லாம் கழுவிப் பொட்டு வைத்தாயிற்று. துரை வந்து விபூதி வாங்கிக்கொண்டு போனார். நீ அன்றைக்குப் படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை, கம்பளியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாய். நான் கோயிலுக்குப் போய்விட்டேன். நான் இல்லாத நேரத்தில் உன் அப்பா வந்து அந்தச் சாண் லோரியைத் தூக்கிக்கொண்டு லோரிக் கொட்டகைக்குப் போயிருக்கிறார். தன் லோரியைக் கழுவின கையோடு அதையும் கழுவியிருக்கிறார். சும்மா இல்லை, மண்ணெண்ணெய் போட்டு, சவர்க்காரம் போட்டு, பல் தேய்க்கும் பிரஷால் இண்டு இடுக்கு விடாமல். நீ மாசக்கணக்கில் பூசின சேறு, துரு, தூசி, படியில் தேய்த்த பென்சில் கரி எல்லாம் சாக்கடையோடு போய்விட்டது. பளபளவென்று பச்சையாகத் திரும்பக் கொண்டுவந்து உன் பலகையில் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, ஒரு செவ்வந்தி இதழைக் கண்ணாடிக்கு மேல் ஒட்டி, முன் சக்கரத்தடியில் பழம் வைத்துவிட்டார். எலுமிச்சை அந்தச் சக்கரத்தைவிடப் பெரிசு. அதனால் கடைக்குப் போய்த் தேடி, இருப்பதிலேயே குட்டியாக ஒரு லிமாவ் கஸ்தூரி, கோலிக்குண்டு அளவு எலுமிச்சை, வாங்கி வந்திருக்கிறார்.

நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போது உன் சத்தம் கேட்டது. "யாரு கழுவச் சொன்னா? யாரு தொடச் சொன்னா உங்கள?" லயமே வெளியில் வந்து நின்றது. அடிக்கப் போகிறாய் என்றே நினைத்தேன். அப்பா வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். அவர் முகத்தில் கோபமே இல்லை. என்ன தப்பு செய்தோம் என்று தெரியாத முழி. "வண்டி அழுக்கா இருந்துச்சுப்பா" என்றார். உன்னிடம் நேராகப் பேசி அதற்குள் எத்தனை வருடம்! "ஆயுத பூசையும் அதுவுமா எந்த டிரைவர் வண்டிய அழுக்கோட போடுவான்? ஒனக்கு முடியல. அதான் நான் கழுவினேன். நீயும் டிரைவர்தானே லா?"

நீ அந்தப் பழத்தைக் கையில் எடுத்தாய். சுவரில் அடிக்கப் போகிறாய் என்று நான் நினைக்க, நீ அதைப் பார்த்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தாய், நீட்டின காலோடு. உன் தோள் குலுங்கியது. அழுகிறாயா சிரிக்கிறாயா என்று தெரியவில்லை. "இதே பழம்ப்பா" என்றாய். "அன்னைக்கும் இதே பழந்தான்."

அப்புறம்தான் சொன்னாய். அன்றைக்கு விடியற்காலையில் உனக்குக் காய்ச்சல். வீட்டு நினைப்பு வேறு. ஆயுத பூசைக்கு எங்கப்பா இப்படியெல்லாம் செய்வார் என்று முதல் நாள் ரஹிமிடம் சொல்லிப் புலம்பியிருக்கிறாய். நீ எழுந்து போய்ப் பார்த்தால் அவன் கால்சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, வாளியும் துணியுமாக உன் லோரியைக் கழுவிக்கொண்டிருக்கிறான். சமையல்காரரிடம் கெஞ்சி வாங்கின லிமாவ் கஸ்தூரியை நாலு சக்கரத்துக்கும் வைத்துவிட்டு, "இப்ப ஓட்டு" என்றானாம். "இது சம்பால் துவையலுக்குப் பிழியறதுடா, இதையா வைப்பாங்க?" என்று நீ சிரித்தாயாம். "லிமாவ், லிமாவ்தான் லா" என்றானாம் அவன், எந்த எலுமிச்சையும் எலுமிச்சைதானே என்று. லோரி ஏறினதில் பழம் நசுங்கின சத்தம்கூட வரவில்லை என்று இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தீர்களாம். அதற்குப் பிறகு கிளம்பினீர்கள். சுத்தமான வண்டியில்தான் கிளம்பினீர்கள்.

நான் உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். "தம்பி, மாச்சிக் உன்னைக் கேட்டது இதைத்தானே?" என்றேன். "காலையில எப்படி இருந்தான்னுதானே கேட்டாங்க? ரோட்டையா கேட்டாங்க?"

நீ அந்த மலையையும் வளைவையும் பலகையிலிருந்து பெயர்த்து எடுத்தாய். தேயிலைக் குச்சி மரங்களில் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு முகாம் வாசலைக் கட்டினாய். லோரியைக் கழுவின மாதிரியே விட்டாய். அதன் கீழே ஈரத்துக்கு வார்னிஷ் ஊற்றினாய். தையல் விரல் தொப்பியை வெட்டி வாளி செய்தாய். ரஹிமை மெழுகில் செதுக்கினாய், கால்சட்டை சுருட்டினபடி, குனிந்தபடி. சக்கரத்தடியில் வைக்கக் கடுகுக்கு மஞ்சள் பச்சை அடித்துத் தந்தது உன் அப்பா. அந்தக் கடுகு உருண்டு உருண்டு ஓடியதும், நீங்கள் இரண்டு பேரும் தவழ்ந்து தேடியதும், அப்பா உன்னைத் திட்டியதும், நீ திருப்பித் திட்டியதும் நம் வீட்டுக்குத் திரும்பி வந்த சத்தம்.

மூன்று பேரும் பஸ் மாறி மாறி ரஹிமின் கிராமத்துக்கு, அந்த கம்போங்குக்குப் போனோம். வழி நெடுக நீ அந்தப் பெட்டியை மடியிலிருந்து இறக்கவில்லை. மாச்சிக் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகு நேரம் குனிந்து பார்த்தார்கள். நீ சொல்லச் சொல்லக் கேட்டார்கள். அப்புறம் அந்த வாளியை ஒரு விரலால் தொட்டு, "வீட்டுல தின்ன தட்டைக்கூட கழுவி வைக்க மாட்டான். ஒன் லோரியக் கழுவினானா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அழுதார்கள். நானும் அழுதேன். அப்பா வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். அந்த லோரி இன்றைக்கும் அவர்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில்தான் இருக்கிறது.

இதுதான் கதை. அன்றைக்கு நீ தேறிவிட்டாய் என்று நானும் நினைத்தேன். எங்கே தேறினாய்? காரை வாங்கிவிட்டு, பழையபடி ஒரு விரல், இரண்டு விரல் என்று பின்னால் நகர்கிறாய். உன் பக்கத்தில் யாரும் உட்காரக் கூடாது, உட்கார்ந்தால் போய்விடுவார்கள் என்று உனக்குள் ஓடுகிறது. எனக்குத் தெரியும், பெற்றவளுக்குத் தெரியாதா? பயப்படாதே என்று சொல்ல மாட்டேன். நானே பயந்தாங்கொள்ளி. உன் அப்பா லோரி ஓட்டின காலம் முழுக்க ரிங்லெட் வளைவில் ஹார்ன் கேட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும். பயந்துகொண்டேதான் கூட உட்கார்ந்து போனேன். அதுதான் குடித்தனம் தம்பி, வேறு ஒன்றும் இல்லை. மல்லிகாவிடம் ரஹிமைப் பற்றிச் சொல். அந்த வாளியை, அந்தப் பழத்தை, அவன் சிரித்ததைச் சொல். சொல்லிவிட்டு முன் கதவைத் திறந்துவிடு. உட்காருவதா வேண்டாமா என்பதை அவள் பார்த்துக்கொள்வாள்.

ஆயுத பூசைக்குக் காரைக் கழுவிப் பொட்டு வைத்துக் கொண்டுவரப் போகிறாய் என்று மல்லிகா எழுதியிருந்ததை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவருக்கு இப்போது முட்டி மடங்குவதில்லை, ஒரு கண்ணில் புரை. லோரிக் கொட்டகைப் பக்கம் போயே மாசக்கணக்காகிறது. முன் சீட்டு வரியையும் படித்தேன். "கழுவாம கொண்டாரச் சொல்லு" என்றார். "தாப்பாவுலேருந்து மேல வர்ற வழியில ஒட்டுற சேறு அப்படியே இருக்கட்டும். நான் கழுவிக்கிறேன்." எழுந்து ஜன்னல் வரைக்கும் போனவர் திரும்பி வந்தார்.

"இதையும் எழுது. வண்டி வந்ததும் மொதல்ல இடது பக்க முன் கதவத் தொறந்துதான் பாப்பேன். கால் வைக்கிற எடத்துல அந்தப் பொண்ணோட செருப்பு மண்ணு இருக்கணும்."

அம்மா